தாளந் தெரிதல்

தவில் பழகப் புகுஞ் சிறுவர் பலருக்கு மேளக்கச்சேரியில் முதலிற் கிடைக்கும் இடம் தாளக்காரனின் இடமே. பெரியோர் அருகே நின்று, திருவிழா இரவுகளில் உறக்கத்தை வென்று தாளம் போட்டுப் போட்டே லயம் அவர்தம் உடம்பில் ஊறுகின்றது. கொக்குவிலுக்கு அயலூராகிய இணுவிலிற் பிறந்து, தமிழகமும் வியக்கத் தவில் வாசித்த தெட்சணாமூர்த்தி (1933–1975) போன்ற மேதைகளைத் தந்த சூழல் இதுவாகும்.

இத்துணைச் சிறப்புடைய கஞ்சக்கருவியை வாங்குங்கால் நம்மவர் காட்டும் அசட்டை வருந்தத்தக்கது. "பழகுகிற பிள்ளைக்கு இது காணும்" என்று மலிவான பித்தளைச் சோடியொன்றைக் கொடுத்துவிடுகின்றனர். இக்கொள்கையை யாம் மறுக்கின்றோம். கைதேர்ந்தவன் தாழ்ந்த தாளத்தின் குறையை அறிந்து சமாளிப்பான். பழகுவோனோ தன் கையே பிழையென்று சோர்வான். அன்றேல் மழுங்கிய ஒலியையே நல்லொலியெனக் கொள்வான். ஒருமுறை கெட்ட செவியைத் திருத்துதல் எளிதன்று.

நல்ல தாளம் வெண்கலத்தாலானது. செம்பு ஏறத்தாழ நாலு பங்கும் வெள்ளீயம் ஒரு பங்குமாகச் சேர்ந்த கலவையே நீண்டு ஒலிக்கும். 1623 இல் கொன்ஸ்தாந்திநோபிளில் ஆர்மீனியரான அவெதிஸ் சில்ஜியான் தொடங்கிய தாளத் தொழிலும் இக்கலவையையே நம்பி வளர்ந்தது. பித்தளையோ செம்பும் நாகமுஞ் சேர்ந்தது. அதன் ஒலி விரைவில் அடங்கும். ஆயின் வெண்கலம் நொறுங்குந் தன்மையது, நிலத்தில் விழவிடலாகாது.

நிறத்தையும் மினுக்கத்தையும் பார்த்து வாங்குதல் தவறு. எம்மூர்ச் சுருட்டுத் தொழிலாளர் புகையிலையைத் தடவியும் மணந்துமன்றோ தரங்கண்டனர்? தாளத்துக்குச் செவியே சான்று. உலோகத்திற் கை படாது கயிற்றிற் பிடித்து, விளிம்போடு விளிம்பு மெல்லத் தட்டுக. ஒலி தெளிவாக எழுந்து படிப்படியாகத் தேய்தல் வேண்டும். கரகரத்தால் விளிம்பிலே மயிரிழை வெடிப்பு உளதோவென நோக்குக. முகத்தோடு முகம் நேரே மோதினால் இடையிற் காற்று அகப்பட்டு ஒலி அமுங்கும். ஆதலின் சற்றே விலக்கித் தட்டிப் பார்க்க.

எதற்கென்று தெரிந்து வாங்குதலும் வேண்டும். வீதியில் நாதசுரத்தோடு செல்வதற்குத் தடித்த கனத்த சோடி ஏற்றது. பஜனைக்கு மெல்லிய சிறு தாளம் போதும். நட்டுவாங்கத் தாளத்தில் ஒன்று வெண்கலம், மற்றது உருக்கு. மேனாட்டு ட்ரம் செற் பழகும் இளைஞர், காலால் இயக்கும் இணைத்தாளத்தையும் காலப்பிரமாணங் காட்டும் பெருந்தாளத்தையும் முதலில் தரமாக வாங்குக. முழங்கியடங்கும் மற்றவை பின்னர் வரலாம். தாழ்ந்தவை ஐந்தினும் உயர்ந்தவை இரண்டு மேல்.

"பிள்ளையின் ஆர்வம் நிலைக்குமோ என்றறியாது பெரும்பணஞ் செலவிடலாமோ?" என்பார் உளர். நியாயமான கேள்வியே. அத்தகையோர் சில மாதங்களுக்கு நல்ல தாளமொன்றை இரவல் வாங்கிக் கொடுக்க. ஆர்வம் நிலைத்தால் பழைய வெண்கலச் சோடியொன்றைத் தேடுக. வெடிப்பில்லாத வெண்கலம் பழையதாயினும் குறைவுடையதன்று.

இவ்விடத்தே பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். கல்லூரிக்கு வாத்தியங்கள் வழங்க விழைவோர் எண்ணிக்கையைப் பெருக்கிப் பெயர் பொறித்து மகிழ்தல் வேண்டா. இருபது பித்தளைச் சோடிகளினும், இசையாசிரியர் தட்டிக் கேட்டுத் தெரிந்த இரண்டு வெண்கலச் சோடிகள் மாணவர்க்கு மிகுந்த பயன் தரும். அவற்றைப் பூட்டிய அலுமாரியிற் காட்சிப்பொருளாக வையாது, பழகுஞ் சிறுவர் கையிற் கொடுத்தலும் வேண்டும். கல்வியில் முதலாசிரியர் சிறந்தவராயிருத்தல் வேண்டுமென்பதை நாம் ஒப்புகின்றோம். செவிக்கு முதலாசிரியன் தாளமே.