கோப்பை மட்டும் போதுமா?



கால்பந்து என்றதும் உலகம் பிரேசிலையும் அர்ஜென்டினாவையும் நினைக்கிறது. நம் நாட்டினரோ கொல்கத்தாவையும் கோவாவையும் கேரளத்தையும் நினைக்கின்றனர். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோயில் தேரும் பால்கோவாவும், இராஜபாளையம் என்றால் நூற்பாலைகளும்தாம் பிறர் நினைவுக்கு வரும். ஆயினும் இங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையில், 2016-ஆம் ஆண்டு தோன்றிய பெண்கள் குழு ஒன்று, மூன்றே ஆண்டுகளில் இந்தியாவின் முதன்மைக் குழுவாக உயர்ந்தது. அதுவே சேது கால்பந்துக் கழகம். தென் மாவட்டத்துப் பெண்களாகிய நமக்கு அது நம் வீட்டுக் குழு போன்றது. அந்தக் குழுவைப் பற்றி நம் உள்ளத்தில் பெருமையும் உண்டு, ஒரு சிறு வருத்தமும் உண்டு. இரண்டையும் மனம் திறந்து பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பெருமையைச் சொல்வோம். 2019 மே மாதம் லூதியானா நகரில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில், சேது அணி மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்ற கோல் கணக்கில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் எத்தகைய கோட்டை என்பதை அறிந்தோருக்கு இவ்வெற்றியின் அருமை புரியும். அணியைப் பயிற்றுவித்த அம்ருதா அரவிந்தும் ஒரு பெண்ணே. ஆடுபவரும் பெண்கள், ஆட்டுவிப்பவரும் பெண் என்று கண்டபோது நம் நெஞ்சம் நிமிர்ந்தது.

அந்த அணியில் கடலூர் தந்த இந்துமதி கதிரேசன் இருந்தார். மணிப்பூரின் ரத்தன்பாலா தேவி இருந்தார். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி இருந்தார். அதற்கு முந்திய ஆண்டில் வங்காளதேசத்தின் சபீனா காத்தூனும் கிருஷ்ணா ராணி சர்க்காரும் சேதுவுக்கு ஆடினர். இங்கேதான் நம் வருத்தத்தின் முதற்பகுதி தொடங்குகிறது. "வெளியூரிலிருந்து வீராங்கனைகளைக் கொண்டு வந்து வெல்லும் கோப்பை எப்படி நம் கோப்பையாகும்? நம் ஊர்ப் பெண்கள் ஓரத்தில் அமர்ந்து தண்ணீர் கொடுக்கவா?" என்று கேட்போர் உண்டு.

இக்கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் திறமைக்குப் பஞ்சம் இல்லை. தேசிய சீனியர் மகளிர் போட்டியில் தமிழ்நாடு 2018-இல் மணிப்பூரையும், 2023-இல் அரியானாவையும் 2–1 என்று இறுதியாட்டத்தில் வென்றிருக்கிறது. அவ்விரு அணிகளிலும் ஆடியவர்கள் நம் மாநிலத்துப் பெண்களே. ஆனால் மறுபாதி நியாயத்தையும் பார்க்க வேண்டும். தன்னைவிட வேகமாக ஓடுகிறவளோடு தினமும் ஓடினால்தான் நம் வேகம் கூடும். சபித்ரா போன்ற ஒருவரைப் பயிற்சியில் தடுத்துப் பழகிய தற்காப்பு வீராங்கனை, போட்டியில் யாரைக் கண்டு அஞ்சப் போகிறாள்? எனவே வெளியூர் வீராங்கனை வருவது குற்றமன்று. அவர் அருகில் நம் ஊர்ப் பெண் ஒருத்தி ஆடிக் கற்றுக்கொள்ள இடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

வருத்தத்தின் இரண்டாம் பகுதி இன்னும் ஆழமானது. வந்தவர்கள் நிலைத்து நிற்பதில்லை. 2020-இல் பெங்களூரில் நடந்த அடுத்த லீக்கில், நடப்பு வாகையரான சேதுவை அரையிறுதியில் கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா அணி வென்றது. அந்தக் கோகுலத்தின் முன்களத்தில் ஆடியவர் சபித்ரா! பிப்ரவரி 14 அன்று நடந்த இறுதியாட்டத்தில் மணிப்பூரின் கிரிப்சா அணிக்காக ரத்தன்பாலா ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார். 87-ஆம் நிமிடத்தில் சபித்ரா அடித்த கோலால் கோகுலம் 3–2 என்று வென்றது. ஓராண்டுக்கு முன் ஒரே சட்டை அணிந்து ஒரே கோப்பையைத் தூக்கிய இருவர், இப்போது எதிரெதிராக நின்றனர். 2022 மே மாதம் புவனேசுவரத்தில், கோப்பை யாருக்கு என்பதை முடிவு செய்த கடைசி ஆட்டத்தில் சேது மூன்றாம் நிமிடத்திலேயே முதல் கோலைப் போட்டும், கோகுலம் 3–1 என்று வென்றது. அதற்கடுத்த பருவத்தில், முன்பு சேதுவுக்கு ஆடிய இந்துமதியும் சந்தியா ரங்கநாதனும் கோகுலத்தின் அணியில் இருந்தனர். இருவரும் நம் தமிழ்ப் பெண்கள். ரசிகர் மனம் கசக்காமல் இருக்குமா?

கசப்பு இயற்கையே. ஆயினும் அக்கசப்பை அவ்வீராங்கனைகள்மீது உமிழ்வது முறையாகாது. காரணத்தைச் சற்று ஆராய்வோம். 2019, 2020 ஆண்டுகளின் லீக் இறுதிச் சுற்றுகள் ஒரே நகரில், ஏறத்தாழ மூன்று வாரங்களில் முடிந்துவிட்டன. மூன்று வார ஆட்டத்தை நம்பி ஒரு பெண் ஆண்டு முழுவதும் வாழ முடியுமா? இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் பணியாற்றிக்கொண்டே ஆடியவர். சொந்த மைதானத்திலும் எதிரணி மைதானத்திலும் மாறி மாறி ஆடும் முறை 2023-24 பருவத்தில்தான் வந்தது. அதுவரை ஒரு கழகம் ஒரு வீராங்கனையை நெடுங்காலம் கட்டி வைக்கக் காரணமும் இல்லை, வசதியும் இல்லை.

பணத்தின் கணக்கையும் பாருங்கள். 2017-இல் நெய்மார் என்ற ஒரே ஆட்டக்காரருக்காகப் பாரிஸ் நகரத்துக் கழகம் 22.2 கோடி யூரோ கொடுத்தது. பெண்கள் கால்பந்தில் பத்து லட்சம் பவுன் என்ற தொகையே 2025-ஆம் ஆண்டில்தான், ஒலிவியா ஸ்மித் ஆர்செனலுக்குச் சென்றபோது, முதன்முதலாகப் பேசப்பட்டது. ஃபிஃபாவின் விதிப்படி, ஒப்பந்தம் முடியுமுன் ஆட்டக்காரர் ஒருவர் பணத்திற்கு வேறு நாட்டுக் கழகத்துக்கு மாறினால், அத்தொகையில் 5 விழுக்காடு அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குச் சேரவேண்டும். ஒப்பந்தம் முடிந்தபின் மாறினால் தொகையும் இல்லை, பங்கும் இல்லை. குறுகிய ஒப்பந்தங்களால் நடக்கும் ஆட்டத்தில், விதையிட்டவருக்கு விளைச்சலில் பங்கு கிடைப்பது அரிது. சேது போன்ற கழகங்களின் இக்கட்டு இதுவே.

இயேசு பெருமான் கூறிய தாலந்து உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். பெற்ற தாலந்தை மண்ணில் புதைத்தவனைத் தலைவன் கடிந்துகொண்டான். அதைப் பெருக்கியவர்களைப் பாராட்டினான். நேபாளத்தின் லம்ஜுங் மாவட்டத்துக் கிராமத்துப் பெண்ணான சபித்ரா, சேதுவிலும் கோகுலத்திலும் ஆடி, இஸ்ரேல் சென்று, 2024-இல் பிரான்சு நாட்டின் கான்காம் கழகத்தை அடைந்தார். அவர் தம் தாலந்தைப் பெருக்கியவர். மதுரையில் அவர் வைத்த ஓரடியும் அந்தப் பயணத்தில் இருக்கிறது என்பதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அதே உவமை கழகத்தையும் பார்த்துப் பேசுகிறது. ஓரத்து இருக்கையில் பருவம் முழுவதும் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெண்ணும் ஒரு தாலந்தே. அவளைப் புதைத்து வைத்து வாங்கிய கோப்பை எவ்வளவு பளபளத்தாலும் அது பாதிக் கோப்பைதான்.

ஆகவே கழகத்தின் பேராசையைக் குறைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. வெல்ல வேண்டும் என்ற ஆசை இல்லாத கழகத்தை யார் நேசிப்பார்? அந்த ஆசையை இன்னும் பெரிதாக்கச் சொல்கிறோம். அடுத்த ஆண்டுக் கோப்பையை நினைக்கும் கழகம், ஐந்தாண்டு கழித்து ஆடப்போகும் பன்னிரண்டு வயதுச் சிறுமியையும் நினைக்கட்டும். அவள் நம் விருதுநகர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் இப்போது வெறுங்காலோடு பந்தை உதைத்துக்கொண்டிருக்கலாம். பத்தாம் வகுப்பு வந்ததும் "போதும் விளையாட்டு, படி" என்ற சொல் நம்மில் எத்தனை பேர் வீட்டில் கேட்கிறது! கால்பந்தால் ஒரு வேலையும் வருமானமும் மதிப்பும் கிடைக்கும் என்று காட்ட ஊர்ப் பெண் ஒருத்தி அந்த அணியில் இருந்தால், அச்சொல்லின் வேகம் குறையும். ஒரு பெற்றோரை இணங்க வைக்க, அலமாரியிலுள்ள கோப்பையைவிடப் பக்கத்துத் தெருப் பெண்ணுக்கே ஆற்றல் அதிகம்.

ரசிகராகிய நமக்கும் கடமை உண்டு. வென்றால் "நம் அணி" என்பதும், தோற்றால் "அவர்கள் அணி" என்பதும் அன்பாகாது. ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிக்க எந்தெந்த ஊரிலிருந்தோ கைகள் வருகின்றன. வந்த கைகளை நாம் ஊர் கேட்பதில்லை. திரும்பிப் போகிறவரை ஏன் போகிறாய் என்று வைவதுமில்லை. ஆனால் அடுத்த ஆண்டும் தேர் நிலை சேர வேண்டுமானால், உள்ளூரில் வடம் பிடிக்கப் பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும் அல்லவா? சேதுவே, வருவோரை வரவேற்பாயாக. போவோரை வாழ்த்தி அனுப்புவாயாக. நம் பெண்களுக்கும் வடத்தில் ஓர் இடம் தருவாயாக!