ரெண்டு பேருக்கும் நடுவுல பாருங்க

"என் கோடு கரெக்ட், பிழை உன் பக்கம்தான்." டீம் ப்ராஜெக்ட் செஞ்ச எல்லாருக்கும் தெரிஞ்ச சண்டை இது. உடனே ரெண்டு பேரும் அவங்கவங்க கோடுல பிரிண்ட்எஃப் போட ஆரம்பிப்பீங்க. ஆனா அது காட்டுறது நீங்க அனுப்பினதா நினைக்கிற செய்தியை. நிஜமா போன செய்தியை இல்லை. போதாததுக்கு ப்ரோகிராமோட வேகத்தையும் கொஞ்சம் மாத்திடும். டைமிங்கால வர்ற பிழை அப்போ ஒளிஞ்சுக்கும்.

லினக்ஸ் டெஸ்க்டாப்பையே எடுத்துக்கோங்க. ஒரு ஆப் நோட்டிஃபிகேஷன் காட்டணும்னா, டி-பஸ் வழியா 'நோட்டிஃபை'ங்கிற அழைப்பை அனுப்பும். டெர்மினல்ல 'டிபஸ்-மானிட்டர்' ஓடவிட்டா, யார் யாருக்கு என்ன அனுப்பினாங்க, பதில் வந்துச்சா எரர் வந்துச்சான்னு வரிசையா தெரியும். 'பஸ்சிடிஎல் கேப்சர்' கொடுத்து ஃபைலா சேமிச்சா, வயர்ஷார்க்ல திறந்து நிதானமா படிக்கலாம். அனுப்பினதே தப்பா, வாங்கினவர் புரிஞ்சுக்கிட்டது தப்பா? ஆதாரம் கையில இருக்கும்.

ஒண்ணு மட்டும் கவனம். உங்க சாட் நோட்டிஃபிகேஷன்ல வந்த வரிகளும் அந்த ஃபைல்ல பதிவாகியிருக்கலாம். வாட்ஸ்அப் குரூப்ல போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க.

அடுத்த ரிவ்யூவுக்கு முன்னாடி இதைப் பழகிக்கோங்க. முதல்ல செய்தியைப் பிடிங்க. சண்டையை அப்புறம் போடலாம்.