இறக்கிய வண்டியும் இறங்கச் சொன்ன தெருவும்

எங்கள் மாலைநேரப் படிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி ஒருவன் போன மாதம் பைக்கைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான். பழைய பல்சர். பின்பக்க ஷாக்கப்சர் இரண்டையும் மாற்றி ஒன்றரை இஞ்ச் இறக்கியிருந்தான். ஹேண்டில்பாரும் வேறு, கம்பெனி கொடுத்ததைவிட உயரமாக, ஓட்டுபவர் பக்கம் வளைந்து வரும் ரகம். பஞ்சரா என்று கேட்டோம். இல்லை என்றான். ஊர்த்தெருவில் நான்கு பேர் மறித்திருக்கிறார்கள். "ரவுடி மாதிரி வண்டிய ஆல்ட்டர் பண்ணிக்கிட்டு எங்க தெருவுலயே ஓட்டுவியாடா? இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ."

அடுத்த நாள் அவனோடு காவல் நிலையம் போனோம். அங்கேயும் முதலில் பார்த்தது ஹேண்டில்பாரைத்தான். மறித்தவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. புகாரை வாங்காமல், அபராதச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

வண்டியை எதற்கு இறக்கினான் தெரியுமா? அவன் அக்காவுக்காக. நர்சிங் படிக்கிறார். விடியற்காலை டூட்டிக்குப் போக அந்த நேரத்தில் பஸ் கிடையாது. ஐந்தடிக்கும் குறைவான உயரம். சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டவில்லை. கை நீட்டினால் ஹேண்டில்பார் தூரமாக இருந்தது. அதனால் மெக்கானிக்கிடம் சொல்லிப் பின்பக்கத்தை இறக்கினான், ஹேண்டில்பாரை அவர் பக்கம் கொண்டுவந்தான். இதுதான் அந்த 'ரவுடித்தனம்'.

சரி, அக்காவுக்காக இல்லாமல் வெறும் ஸ்டைலுக்காகவே செய்திருந்தால்? அப்போதும் எங்கள் பதில் இதேதான். நல்ல காரணம் காட்டினால்தான் நம் பிள்ளைகள் வண்டி ஓட்டலாம் என்கிற நிபந்தனையை நாம் ஏன் ஏற்க வேண்டும்? பணக்கார வீட்டுப் பையன் லட்சக்கணக்கில் செலவழித்து இதையே செய்து ஈசிஆர் ரோட்டில் ஓட்டினால் அதற்குப் பெயர் 'கஸ்டம் பைக்', 'பேஷன்'. சேரிப் பையன் செகண்ட்ஹேண்ட் வண்டியில் செய்தால் 'புள்ளீங்கோ'. அந்த வார்த்தையை வைத்து மீம் போட்டுச் சிரித்தவர்களில் முற்போக்காளர்களும் உண்டு. ஷாக்கப்சர் இறங்கியதைப் பார்த்து அவர்கள் சிரிக்கவில்லை. அதில் ஏறியவன் யார் என்று பார்த்தே சிரித்தார்கள்.

வண்டிக்கும் சாதிக்குமான கணக்கு பழையது. 1901இல் சிறுவன் பீமராவ் தந்தையைப் பார்க்கக் கோரேகான் போனபோது, சாதி தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர் அவர்களை ஏற்றிக்கொள்ள மறுத்தார். கடைசியில் இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டு, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, தான் கூடவே நடந்து வந்தார். 1929இல் சாலிஸ்கானில், படித்துப் பட்டங்கள் பெற்ற டாக்டர் அம்பேத்கருக்குக் குதிரைவண்டி ஓட்ட வண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் வண்டி விபத்துக்குள்ளாகி அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. இரண்டையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

நம் தாத்தாக்கள் ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். 2012 நவம்பரில் தருமபுரி நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகளோடு சேர்ந்து பைக்குகளும் எரிந்தன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்து வாங்கிய வண்டிகள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே புல்லட் ஓட்டி வந்த கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். இந்தச் சாதிக்காரன் புல்லட் ஓட்டுவதா என்று கேட்டே வெட்டினார்கள் என்பது புகார். ஹேண்டில்பாரைப் பிடித்த கைதான் அவர்கள் கண்ணை உறுத்தியது.

கறுப்பின மக்களின் கதையும் இதற்குப் பக்கத்தில் இருக்கிறது. 1969இல் வந்த 'ஈஸி ரைடர்' என்ற அமெரிக்கப் படத்தில் வரும் பைக்கை நீங்கள் போஸ்டரிலாவது பார்த்திருப்பீர்கள். உயர்ந்த ஹேண்டில்பார், நீண்ட முன் போர்க், பின்பக்கம் ஷாக்கப்சரே இல்லாத தாழ்ந்த உடல். உலகெங்கும் பைக்கை இறக்கி ஹேண்டில்பாரை ஏற்றுபவர்கள் இன்றும் அதைத்தான் பார்த்து ஆசைப்படுகிறார்கள். அதை உருவாக்கியதில் முக்கியமானவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பினத்தவர்கள். வாஸ், குடியுரிமைப் போராட்டத்தில் நின்றவர். படத்தின் பெயர்ப் பட்டியலில் இருவர் பெயரும் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் உலகம் அவர்களைப் பேசியது. கைவேலை நம்முடையதாக இருந்தால் பெயர் இருக்காது. பெயர் வந்தால் அது வசைப்பெயராக இருக்கும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: உற்பத்தியாளர் குறிப்பிட்டபடி ஆர்.சி.யில் பதிவான விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4): மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்தச் சட்டம் ரோட்டோரம் நிற்கும் எல்லாக் காவலர்களுக்கும் மனப்பாடம்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989. 2015 திருத்தத்தில் சேர்த்த பிரிவு 3(1)(இசட்ஏ)(பி): பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுத்தால் குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாமல், ஐந்து ஆண்டு வரை சிறை, அதோடு அபராதம். மோட்டார் சைக்கிள் என்ற வார்த்தையே சட்டத்தில் அச்சாகியிருக்கிறது, தோழர்களே. நாடாளுமன்றமே இந்தக் கொடுமை நடக்கிறது என்று ஒப்புக்கொண்டு எழுதிய வரி அது. எங்கள் தம்பியின் விஷயத்தில் முதல் சட்டம் பத்து நிமிடத்தில் வேலை செய்தது. இரண்டாவது சட்டம் வேலை செய்ய, நாங்கள் பிரிவு எண்ணை எழுதி மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால் அனுப்ப வேண்டியிருந்தது. அதன் பிறகே புகாருக்கு ரசீது வந்தது. வழக்கு இன்னும் பதிவாகவில்லை. விடப்போவதில்லை.

நம் பெரியவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். "முடிய ஒழுங்கா வெட்டு, வண்டிய ஒழுங்கா வச்சுக்கோ, அப்பத்தான் மதிப்பாங்க" என்கிறீர்கள். பயத்தில் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் கோட்டு சூட்டு போட்ட அம்பேத்கருக்கே வண்டி ஓட்ட ஆள் வரவில்லை. ஒழுங்காக இருந்தால் மரியாதை கிடைக்கும் என்றால் அவருக்கல்லவா முதலில் கிடைத்திருக்க வேண்டும்?

தம்பி தங்கைகளே, உங்களிடமும் பேச வேண்டும். உரிமை என்று சொல்லிவிட்டு உயிரை விட்டுவிடாதீர்கள். செலவு மிச்சம் என்று ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். இரண்டு பேர் ஏறினால் டயர் மட்கார்டில் உரசும், வேகத்தடையில் அடிபாகம் இடிக்கும். பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் முன்பக்கம் தூக்கும். வளைவில் வண்டி மெதுவாகத்தான் திரும்பும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். சைடு ஸ்டாண்டு நீளமாகிவிடும். வண்டி நேராக நின்று மறுபக்கம் சாயும். ஹேண்டில்பாரை உயர்த்தினால் கேபிளும் பிரேக் ஹோஸும் அந்த நீளத்துக்கு வேண்டும். இல்லாவிட்டால் திருப்பும்போது ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபட்டு என்ஜின் தானாகச் சீறும். கால் எட்டவில்லை என்பதுதான் சிக்கல் என்றால் முதலில் சீட் பஞ்சைக் குறைத்துப் பாருங்கள். செலவும் ஆபத்தும் குறைவு.

எங்கள் தம்பியும் இப்போது அதைத்தான் செய்திருக்கிறான். சீட்டைக் குறைத்து, பழைய ஷாக்கப்சரையும் பழைய ஹேண்டில்பாரையும் திரும்ப மாட்டிவிட்டான். காவல் நிலையத்துக்கு இனி அந்தச் சாக்கு இல்லை. அக்கா கால் ஊன்றி ஓட்டுகிறார். அதே ஊர்த்தெரு வழியாகத்தான் போகிறார். இறங்குவதில்லை. பின்னால் இன்னொரு வண்டியில் நாங்களும் போகிறோம்.

பிரிவு 3(1)(இசட்ஏ)(பி). இந்த எண்ணை ஆர்.சி. புக்கோடு சேர்த்து வண்டியில் வையுங்கள்.

ஜெய் பீம்.