அந்தக் கைதட்டலில் எனக்கு உடன்பாடில்லை

ஆண்டுதோறும் ஜனவரி முதலாந் திகதி மாலை, மேனாட்டு இசைப்பிரியர் பலர் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் புத்தாண்டுக் கச்சேரியைக் காண அமர்ந்துவிடுகின்றனர். வால்ட்ஸ், போல்கா, ஒபரேட்டா முன்னிசை என்று இரண்டரை மணிநேரம் களிப்பு. இறுதியில் ராடெட்ஸ்கி அணிநடை. அங்கே மண்டபம் முழுவதும் தாளத்துக்குக் கைதட்ட, இங்கே கண்டிப் பக்கத்து வீடுகளிலும் சிலர் சேர்ந்து தட்டுகின்றனர். கேட்டால், "இசைக்கு ஏது ஐயா அரசியல்?" என்பர்.

மேனாட்டு இசையின்மேல் எனக்குப் பகையில்லை. 1893இல் பாப்பரசரின் குருமடம் அமைந்த நாள்முதல் இலத்தீன் கீதம் ஒலித்த ஊர் எங்கள் அம்பிட்டிய. என் வழக்கு அந்த ஒரேயொரு அணிநடையோடுதான்.

ராடெட்ஸ்கி ஒஸ்திரியப் பேரரசின் படைத்தலைவர். 1848 மார்ச்சில் மிலான் நகரத்தார் கிளர்ந்தெழுந்து, ஐந்தே நாட்களில் அவருடைய படையை வெளியேற்றினர். ஜூலை இறுதியில் குஸ்தோசாவில் இத்தாலியப் படையை முறியடித்த அவர், ஓகஸ்டில் மிலானுக்குள் மீண்டும் புகுந்தார். அந்த வெற்றியைப் போற்றி மூத்த யோஹான் ஸ்ட்ராவுஸ் எழுதியதே இந்த அணிநடை. ஓகஸ்ட் 31இல் அது வியன்னாவில் அரங்கேறியது.

அதே ஜூலை இறுதியில் இங்கே நடந்தது என்ன? நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி, போதாக்குறைக்கு வீதி அமைக்கக் கட்டாய உழைப்பு என்று ஆளுநர் டொரிங்டன் வதைத்ததால் மாத்தளை மக்கள் எழுந்தனர். இராணுவச் சட்டம் வந்தது. ஓகஸ்ட் 8இல் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓகஸ்ட் 26இல் குடாபொல தேரரைக் காவியுடையோடு நிறுத்திச் சுட்டனர். அதற்கு ஐந்தாம் நாள்தான் வியன்னாவில் அந்த அரங்கேற்றம். டொரிங்டன் புகழ்பாட எவரேனும் ஓர் அணிநடை எழுதியிருந்தால், நண்பர்களே, அதற்கும் கைதட்டுவீர்களா?

இசைக்கு அரசியல் இல்லையாம். இக்கச்சேரி முதன்முதல் நடந்தது 1939 டிசம்பர் 31இல். வசூல் நாஜிகளின் குளிர்கால நிவாரண நிதிக்குப் போயிற்று. லேஹாரின் 'புன்னகை நாடு' ஒபரேட்டாவுக்குப் பாடல் எழுதிய இருவருள் ஒருவரான லோனர்-பேடா, யூதர் என்பதற்காக 1942இல் அவுஷ்விட்ஸில் மாண்டார். ஏன், ஸ்ட்ராவுஸ் குடும்பத்திலேயே அரசியல் இருந்தது. தந்தை படைத்தலைவருக்கு அணிநடை எழுதிய அதே 1848இல், மகன் பிரெஞ்சுப் புரட்சி கீதத்தை வாசித்துப் பொலிஸ் விசாரணைக்கு ஆளானார். 'நீல டானூப்' அந்த மகனுடையது. அதை நான் எத்தனை முறையும் கேட்பேன்.

மரபை மாற்றலாகாது என்று ஒரு சாரார் சொல்கின்றனர். வியன்னாவே மாற்றியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நம் நாட்டில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. ஆறு நாள் கழித்து, 2005 புத்தாண்டுக் கச்சேரியில், நடத்துநர் லொரின் மாசெல் ராடெட்ஸ்கி அணிநடையை வாசிக்கவில்லை. மாண்டோர்க்கு மரியாதை. 'நீல டானூப்'போடு கச்சேரி முடிந்தது.

கடல் கொண்டுபோன நம்மவருக்காக அவர்கள் நிறுத்தினார்கள். துப்பாக்கி கொண்டுபோன நம்மவருக்காக நாம் நிறுத்தக்கூடாதா? வியன்னாவுக்கு மனு எழுத வேண்டியதில்லை. அடுத்த ஜனவரியில் 'நீல டானூப்' ஓய்ந்ததும் பெட்டியை அணைத்துவிடுங்கள்.