கோபுரத்தின் நாடி

இராகு, கேது பரிகாரத்திற்காகக் காளஹஸ்தி சென்று வரும் குடும்பங்கள் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் ஏராளம். அவர்களுள் மூத்தோர் பலர் அங்கிருந்த பழைய இராஜகோபுரத்தைக் கண்குளிரக் கண்டவர்கள். கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய அந்த ஏழுநிலைக் கோபுரம், 2010 மே 26 அன்று இரவு சரிந்து இடிபாடாயிற்று. விரிசல் விரிவதை முன்னரே கண்டு மக்களை அப்புறப்படுத்தியிருந்ததால் பெரும் உயிர்ச்சேதம் தவிர்ந்தது. கோபுரத்தைத்தான் காக்க இயலவில்லை.

கோபுரத்தின் அடிப்பகுதி கருங்கல். மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும். மழைநீர் உள்ளே கசிந்தாலும், அரசங்கன்று வேரூன்றினாலும், அஸ்திவாரம் ஒரு பக்கம் தாழ்ந்தாலும் முதலில் பேசுவது விரிசலே. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைப் பதித்துத் தேதி எழுதி வைப்பது பொறியாளர்களின் பழைய முறை. கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது என்று பொருள்.

சிற்பிகள் கல்லைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு ஆண் கல், பெண் கல், அலிக் கல் எனப் பிரித்தறிந்தனர். இன்றைய மீயொலிச் சோதனையும் ஏறத்தாழ அதுவே. கட்டுமானத்தின் ஒரு பக்கம் செலுத்திய ஒலியலை மறுபக்கம் வந்துசேரும் நேரத்தை அளப்பர். உள்ளே வெடிப்போ வெற்றிடமோ இருந்தால் அலை தாமதமாக வரும். மற்றொரு முறை இன்னும் நுட்பமானது. காற்றும் வீதியில் ஓடும் வண்டிகளும் கோபுரத்தில் எழுப்பும் நுண்ணதிர்வைக் கருவிகள் பதிவு செய்யும். ஒவ்வொரு கட்டுமானத்திற்கும் இயல்பான அதிர்வெண் உண்டு. உள்ளுறுதி தளர்ந்தால் அது குறையும். ஆனால் முந்தைய அளவு இருந்தால்தானே குறைந்ததா என்று ஒப்பிட முடியும்? கோபுரம் நலமாக இருக்கும்போதே நாடி பார்த்துக் குறித்து வைக்க வேண்டியிருக்கிறது. மயிலாப்பூரின் அடியில் மெட்ரோ சுரங்கப் பணி நடக்கும் இந்நாளில் இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

நம்மிடம் ஒரு குறை உண்டு. கும்பாபிஷேகம் நெருங்கியதும் வெடிப்பைச் சிமெண்டால் அடைத்து வண்ணம் தீட்டிவிடுகிறோம். பார்க்க அழகுதான், சாட்சி மறைந்துவிடுகிறது. சுண்ணாம்புச் சுவரின்மேல் பூசிய சிமெண்ட், உட்புற ஈரத்தை வெளியேறவும் விடாது. பாலாலயம் முடிந்து சாரம் கட்டியவுடன், வண்ணக்காரர் ஏறுமுன் பொறியாளர் ஏறி ஒவ்வொரு விரிசலையும் அளந்து படமெடுத்து வைப்பதே முறை.

இதற்கான வல்லுநர்களைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தரமணியில் மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் உள்ளது. அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில் பாரம்பரியக் கட்டுமானங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது. திருப்பணிக் குழுவினர் முதலில் தட்ட வேண்டிய கதவுகள் இவை.