வாசலை மூடுவதா, அளவோடு திறப்பதா?

கட்டுப்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே வணிகர்களாகிய நமக்கு அடிவயிறு கலங்குகிறது. அதில் வியப்பில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கில் ஷட்டரை இறக்கினோம். உள்ளே சரக்கு கெட்டது. வெளியே வாடகையும் வட்டியும் மட்டும் நிற்காமல் ஓடின. அதை நம்மில் எவரும் மறக்கவில்லை. ஆயினும் எல்லாக் கட்டுப்பாடும் ஒன்றல்ல. கடையை மூட வைக்கும் கட்டுப்பாடு உண்டு; கடையைத் திறந்து வைக்க உதவும் கட்டுப்பாடும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாமல் எதிர்த்தால் நட்டம் நமக்கே. சுற்றுலாவை நம்பிக் கடை நடத்தும் நம் மலையூர் உறுப்பினர்களுக்கு இது மிகவும் பொருந்தும் என்பதால், அவர்களைப் போலவே பிழைக்கும் அமெரிக்கச் சிற்றூர்கள் சிலவற்றின் அனுபவத்தை இங்கே எடுத்துரைக்கிறோம்.

சீசனை நம்பிய ஊர்

கொலராடோ மாநிலத்தில் எஸ்டஸ் பார்க் என்றொரு ஊர். மக்கள் தொகை ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. 1915-இல் அமைக்கப்பட்ட ராக்கி மலை தேசியப் பூங்காவுக்குக் கிழக்கு வாசல் இந்த ஊர்தான். 2019-ஆம் ஆண்டு அந்தப் பூங்காவுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 46 லட்சத்து 70 ஆயிரம் பேர். எல்க்ஹார்ன் அவென்யூ என்னும் கடைவீதியில் மிட்டாய்க் கடை, பனியன் கடை, உணவு விடுதி என வரிசையாக இருக்கின்றன. எல்லாமே அந்தப் பயணிகளை நம்பித்தான். கோடையில் சம்பாதித்து, பனிக்காலத்தை ஓட்ட வேண்டும். 'சீசன்' என்றால் என்னவென்று ஊட்டி, கொடைக்கானல் வணிகர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

2020 மார்ச் 18 அன்று, பூங்காக்களை நிர்வகிக்கும் மத்திய அரசுத் துறை நாடெங்கும் நுழைவுக் கட்டணத்தை ரத்து செய்தது. வீட்டில் அடைபட்ட மக்கள் காற்று வாங்க வரட்டும் என்பது நோக்கம். கட்டணம் இல்லையென்றால் கூட்டம் பெருகும். கூட்டம் பெருகினால் வியாபாரம் பெருகும் என்றுதானே ஒரு வணிகனுக்குத் தோன்றும்? ஆனால் அந்த ஊரும், அந்த மாவட்டத்தின் சுகாதாரத் துறையும் பூங்காவை மூடும்படி கேட்டுக்கொண்டன. மார்ச் 20 அன்று பூங்கா மூடப்பட்டது.

பயணிகளை நம்பி வாழும் ஊரே பயணிகள் வேண்டாம் என்று சொன்னது ஏன்? யூட்டா மாநிலத்தின் மோவாப் என்ற ஊரைப் பார்த்தால் காரணம் புரியும். ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ் என்ற இரண்டு தேசியப் பூங்காக்களுக்கு நடுவே உள்ள ஊர் அது. அங்குள்ள மருத்துவமனையில் 17 படுக்கைகள்தாம். தீவிர சிகிச்சைப் பிரிவே கிடையாது. அந்த மருத்துவமனையே பயணிகள் வரவை நிறுத்தும்படி மாநில ஆளுநருக்கு எழுதியது. மார்ச் நடுவில் அந்த வட்டாரச் சுகாதாரத் துறை, வெளியூர்ப் பயணிகளுக்கு அறை கொடுப்பதையே தடுத்து உத்தரவிட்டது. மார்ச் 28-இல் இரு பூங்காக்களும் மூடப்பட்டன. யெல்லோஸ்டோன் பூங்காவும் சுற்றுப்புற மாவட்டச் சுகாதார அதிகாரிகள் கேட்டதன் பேரில் மார்ச் 24-இல் மூடப்பட்டது. கடைக்காரனும் அவன் வீட்டு முதியவர்களும் அந்தப் பதினேழு படுக்கைகளை நம்பித்தானே இருக்கிறார்கள்? ஊரில் நோய் புகுந்தபின் கடை திறந்திருந்து பயன் என்ன?

அளவு வைத்துத் திறந்தார்கள்

மூடுவது எளிது, திறப்பதுதான் கடினம். எஸ்டஸ் பார்க் வழியை நாம் கவனிக்க வேண்டியது இங்கேதான். மே 27 அன்று பூங்கா படிப்படியாகத் திறக்கப்பட்டது. ஜூன் 4 முதல் நேரம் குறித்த அனுமதிச் சீட்டு முறை வந்தது. வாகன நிறுத்துமிடங்களின் கொள்ளளவில் 60 சதவீதம் என்று கணக்கிட்டு, நாளொன்றுக்குச் சுமார் 4,800 வண்டிகள், அதாவது 13,500 பேர் என்று அளவு வைத்தார்கள். காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை நுழைவோர் முன்கூட்டியே பதிவு செய்து, குறித்த இரண்டு மணி நேரத்துக்குள் வாசலைக் கடக்க வேண்டும். பதிவுக் கட்டணம் இரண்டு டாலர். உள்ளே போனபின் எவ்வளவு நேரமும் இருக்கலாம். அதிகாலையிலும் மாலை 5 மணிக்குப் பின்னும் சீட்டே தேவையில்லை.

இந்த ஏற்பாட்டை ஒரு வணிகனின் கண்ணோடு பாருங்கள். சீட்டு பூங்காவின் வாசலுக்குத்தான். ஊரின் கடைவீதிக்கு அல்ல. காலையில் இடம் கிடைக்காதவர் மதியச் சீட்டு வாங்கினால், அதுவரை பொழுதுபோக்க அவருக்குக் கடைவீதிதான் உண்டு. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்து இருநூறு பேர் வாங்குவதைவிட, நாள் முழுவதும் அறுநூறு பேர் வந்து முந்நூறு பேர் வாங்குவது நமக்கு லாபம் அல்லவா? கூட்டம் வேறு, வியாபாரம் வேறு. மொத்த வியாபாரிக்கும் இதில் நன்மை உண்டு. நாளைக்கு எத்தனை வண்டி என்பது முன்கூட்டியே தெரிந்தால், பாலும் ரொட்டியும் எவ்வளவு இறக்குவது, எத்தனை ஆளை வேலைக்கு வைப்பது என்று கணக்குப் போடலாம்.

கணக்கு சொல்வது என்ன?

முடிவையும் பார்ப்போம். 2020-இல் ராக்கி மலைப் பூங்காவுக்கு வந்தவர்கள் சுமார் 33 லட்சம் பேர். முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. இந்தக் குறைவை முழுவதும் சீட்டு முறையின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஏறக்குறைய பத்து வாரம் பூங்கா மூடிக் கிடந்தது. அக்டோபரில் பெருங்காட்டுத்தீ பரவி, பூங்கா மூடப்பட்டு ஊரையே காலி செய்ய நேர்ந்தது. மறு ஆண்டான 2021-இலும் கோடை முழுவதும் சீட்டு முறை இருந்தது. அந்த ஆண்டு வந்தவர்கள் 44 லட்சத்துக்கு மேல்! அளவு வைத்ததால் மக்கள் வராமல் போய்விடவில்லை. நேரத்தை மாற்றிக்கொண்டு வந்தார்கள். 2024 மே மாதம் அந்த முறை நீண்டகாலத் திட்டமாகவே ஏற்கப்பட்டது.

மாறாக மோவாப் பக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். ஆர்ச்சஸ் பூங்கா 2020 மே 29 அன்று முன்பதிவு ஏதுமின்றித் திறக்கப்பட்டது. 2021-இல் 18 லட்சம் பேர் வந்தார்கள். காலையிலேயே வண்டி நிறுத்துமிடம் நிரம்பி, வாசலை அடைத்துவிட்டு, "மூன்று முதல் ஐந்து மணி நேரம் கழித்து வாருங்கள்" என்று திருப்பி அனுப்பும் நிலை பலமுறை வந்தது. பல நூறு மைல் ஓட்டிவந்த குடும்பம் வாசலில் திரும்பினால், அது எரிச்சலோடு திரும்புமா, பணப்பையைத் திறந்துகொண்டு திரும்புமா? அங்கும் 2022 ஏப்ரலில் நேரச் சீட்டு வந்து சேர்ந்தது.

நாடு முழுவதற்குமான கணக்கும் உண்டு. 2019-இல் தேசியப் பூங்காக்களுக்கு வந்தவர்கள் 32 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல். சுற்றுப்புற ஊர்களில் அவர்கள் செலவிட்டது 2,100 கோடி டாலர். 2020-இல் 23 கோடியே 70 லட்சம் பேர். செலவு 1,450 கோடி டாலர். 2021-இல் 29 கோடியே 70 லட்சம் பேர். செலவு 2,050 கோடி டாலர். 2019-ஐவிட மூன்று கோடிப் பேர் குறைந்தும், செலவு கிட்டத்தட்ட பழைய அளவையே எட்டிவிட்டது. விலைவாசி ஏற்றத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். எனினும் தலையை எண்ணுவது மட்டும் கணக்காகாது. கல்லாவையும் எண்ண வேண்டும்.

குறைகளும் உண்டு

இந்த முறையில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கணினியும் கைப்பேசியும் பழகாத முதியவர் சீட்டு வாங்கத் திண்டாடுகிறார். திடீரென்று கிளம்பி வருகிறவர் ஏமாறுகிறார். அவருடைய கோபம் முதலில் விழுவது கடைக்காரன் மீதுதான். இரவோடு இரவாக அறிவிக்கப்படும் உத்தரவால், வாங்கிப் போட்ட சரக்கு தேங்குகிறது. இவையெல்லாம் மெய்யான குறைகள். ஆனால் இவை சரிசெய்யக்கூடிய குறைகள். யோசெமிட்டி பூங்காவை 2020 ஜூனில் அளவோடு திறக்குமுன், வரைவுத் திட்டத்தை அருகிலுள்ள மாவட்ட நிர்வாகங்களிடம் காட்டிப் பேசினார்கள். நமக்கு வேண்டியதும் அதுவே.

நம் ஊர்க் கதையும் இதற்கு அன்னியமல்ல. கொரோனா காலத்தில் வந்த இ-பாஸ், அந்த நோய் ஓய்ந்த பிறகும் நம்மை விடவில்லை. சுற்றுச்சூழலைக் காக்க, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில், சீசன் மாதங்களுக்கு நீலகிரியில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று அளவும் வந்தது. ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்கள் வேதனை நியாயமானது. ஆனால் "அளவே வேண்டாம்" என்பதைவிட, "அளவை எங்களோடு பேசி வையுங்கள்" என்ற கோரிக்கைக்கு வலு அதிகம் என்பதே நம் கருத்து.

நாம் கேட்பது

அளவு வைப்பதானால் ஒரு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும். உள்ளூர் மக்களுக்கும் சரக்கு வண்டிக்கும் தடையிருக்கக் கூடாது. முன்பதிவில்லாமல் வருவோருக்கென ஒரு பங்கை முதல் நாள்வரை ஒதுக்கி வைக்க வேண்டும். நுழைந்த வண்டிகளின் கணக்கை வாரந்தோறும் வெளியிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் முடிவெடுக்கும் கூட்டத்துக்கு வணிகர் சங்கத்தை அழைக்க வேண்டும்.

நம் கடமையும் உண்டு. விதி வந்தபின், வரும் பயணிக்கு அதை அன்போடு எடுத்துச் சொல்வதும், நோய்க் காலத்தில் கடையில் இடைவெளியும் சுத்தமும் காப்பதும் நம் பொறுப்பு. அடுத்த நோய் வருமுன்பே இந்தப் பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். நோய் வந்து வாசல் அடைபட்ட பின் தட்டிப் பயனில்லை.