எண்ணுவது வேறு, வேவு பார்ப்பது வேறு!

திருத்தணி மலைக்குப் படிகள் 365. ஆடிக் கிருத்திகையன்று எத்தனை பேர் ஏறினார்கள் என்று அடிவாரத்தில் நின்று ஒருவன் எண்ணட்டும். தண்ணீர்ப் பந்தலுக்கும் பஸ்ஸுக்கும் அந்தக் கணக்கு வேண்டும். அதே ஆள் ஒவ்வொருவர் முதுகிலும் நம்பர் சீட்டை ஒட்டிவிட்டு, மலையிறங்கிய பின் எந்த வட்டிக்கடையில் நின்றார், எந்த டாக்டரைப் பார்த்தார் என்று வீடு வரை பின்தொடர்ந்தால்? சும்மா விடுவோமா?

செல்போனில் நடப்பது இதுதான், தோழர்களே! விடியற்கால ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகும் தொழிலாளி, மகளின் படிப்புச் செலவுக்குக் கடன் கிடைக்குமா என்று ஓர் இணையதளத்தைத் திறக்கிறார். பிறகு எந்தத் தளத்துக்குப் போனாலும் கடன் விளம்பரம் விரட்டுகிறது. மாயமல்ல! ‘குக்கி’ என்னும் சிறு குறிப்பு அவர் போனிலேயே எழுதப்படுகிறது. அதில் ஓர் அடையாள எண். விளம்பரக் கம்பெனி பல தளங்களிலும் கடை விரித்திருப்பதால், அந்த எண் எங்கே தலைகாட்டினாலும் கண்டுகொள்கிறது. தொழிலாளியின் கவலை ஏலத்துக்கு வருகிறது. அதில் அவருக்குக் காலணா கிடையாது!

“அவர்தான் சம்மதம் கொடுத்தாரே” என்பார்கள். என்ன சம்மதம்? இங்கிலீஷில் முழ நீளப் பத்திரம், கீழே ஒரு பொத்தான். வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கும் கந்துவட்டிக்காரனின் வித்தையல்லவா இது! 2018-ல் ஃபேஸ்புக் தானே சொன்ன கணக்கைப் பாருங்கள்: கேம்பிரிட்ஜ் அனலிடிகாவுக்குத் தகவல் கறந்த செயலியை நிறுவிய இந்தியர் 335 பேர், விவரம் பறிபோயிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். 335 கைநாட்டுக்கு ஐந்தரை லட்சம் பேர் அடகு!

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் பார்லிமெண்டு சட்டம் போட்டது. அறிவிப்பு தமிழிலும் கிடைக்க வேண்டும், சம்மதத்தைக் கொடுத்த சுலபத்தில் திரும்பப் பெறலாம் என்கிறது சட்டம். நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லி, சர்க்கார் தான் விரும்பும் இலாகாவுக்கு விலக்களிக்க 17-வது பிரிவில் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. விதிகளோ 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. அதிலும் கம்பெனிகளின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாதத் தவணை!

எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கத்தைப் படித்தார்கள் என்ற கணக்குக்குப் பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். தளம் நடத்துகிறவன் எண்ணட்டும். எண்ணி முடித்ததும் சீட்டைக் கிழிக்கட்டும். பின்தொடர வேண்டுமானால் தமிழில் கேள்! ‘வேண்டாம்’ என்ற பொத்தானையும் அதே அளவில் வை! மறுத்தவனை வாசலில் நிறுத்தாதே! இதற்கு எதற்கய்யா 18 மாதம்?